சுங்கை பூலோவில் இருந்த தாத்தாவின் கால் புண்: ஏன் ஆறவே மாட்டேன் என்கிறது?

கேள்வி: 3 மார்ச் 2024, ஞாயிறு

எங்கள் தாத்தாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. இளவயதில் தொழுநோய் வந்து மலேசியாவின் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பில் இருந்தவர். குணமாகிவிட்டது என்று அனுப்பிய பிறகு எங்கள் தோட்டத்திலேயே ரப்பர் பால் வெட்டினார், பிறகு செம்பனையில் வேலை. வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்க்கிறேன், மூடும், மறுபடி திறக்கும். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இல்லை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். மஞ்சள், வேப்பிலை, களிம்பு, மாத்திரை எல்லாம் ஆயிற்று. பழைய நோய் ரத்தத்தில் மிச்சம் இருக்கிறது, அதனால்தான் ஆறவில்லை என்கிறார் பெரியம்மா. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் தாத்தாவைப் பின்கட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். அது சரியா? அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு

முதல் வேலையாகத் தாத்தாவை வீட்டுக்குள் கூட்டி வாருங்கள், தம்பி. மற்றதெல்லாம் அப்புறம். மருந்து முடித்தவரிடமிருந்து தொழுநோய் யாருக்கும் தொற்றாது. அந்தப் புண்ணிலிருந்தும் தொற்றாது. அதில் இருப்பது எல்லார் புண்ணிலும் இருக்கிற கிருமிதான். கட்டுப் போட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். குழந்தை தாராளமாகத் தாத்தா மடியில் உட்காரலாம்.

நான் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்ட மருத்துவமனையில் டிரஸ்ஸர் ஐயாவுக்கு, அதாவது தோட்டத்தில் வைத்தியம் பார்ப்பவருக்கு, உதவியாளாக இருந்தவள். புண் கழுவிக் கட்டுவதுதான் பெரும்பாலும் என் வேலை. தோட்டம் கைமாறிய பிறகு பெஸ்தாரி ஜெயாவுக்குக் குடிவந்தோம். எங்கள் வாயில் இன்னும் அதன் பழைய பேர் பத்தாங் பெர்ஜுந்தைதான். என் மாமனாருக்கும் இதே புண், இதே இடத்தில் இருந்தது. படித்தது, பார்த்தது இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

புண் ஏன் ஆறவில்லை? அவர் அதன் மேலேயே நடக்கிறார். அதுதான் காரணம்.

4 மார்ச், காலை

"எல்லாரும்தானே நடக்கிறோம், நமக்கு ஏன் புண் வரவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நேற்று அந்த ஒரு வரியோடு நிறுத்தியது போதாது.

கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு நரம்பு இறங்கி உள்ளங்காலுக்குப் போகிறது. தொழுநோய்க் கிருமி நரம்பில் குடியேறிக் கெடுக்கும். இந்த நரம்பு கெட்டால் உள்ளங்காலில் உணர்ச்சி போய்விடும். பாதத்துக்குள் இருக்கிற சின்னச் சின்னத் தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கிக்கொள்ளும், அதனால் விரலடி எலும்புகள் கீழே துருத்தி நிற்கும். வியர்வையும் நின்று தோல் வறண்டு வெடிக்கும். மருந்து கிருமியைக் கொன்றுவிடும். எப்போதோ செத்துப்போன நரம்பை அது எழுப்பாது.

நாம் நெடுந்தூரம் நடந்தால் ஓர் இடம் நோகத் தொடங்கும். நமக்கே தெரியாமல் பாரத்தை வேறு பக்கம் மாற்றிவிடுவோம், கொஞ்சம் நொண்டுவோம், உட்கார்ந்துவிடுவோம். உணர்ச்சி இல்லாதவர் மாற்ற மாட்டார். ஒவ்வோர் அடியும் அதே எலும்பு, அதே தோல். உள்ளே சதை நசுங்கிச் சூடேறி, ஆழத்தில் கொப்புளம் கட்டி, ஒரு நாள் வெளியே உடையும். உடைந்த பிறகும் அவர் அதே நடையைத்தான் நடப்பார்.

என் மாமனார், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், புண்ணோடு நிமிர்ந்து நடப்பார், ஒரு துளி நொண்ட மாட்டார். "வலியே இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்பார். பார்க்கிறவர்களுக்கு அது நல்ல சேதியாகத் தெரியும். எனக்கு அந்த நேரான நடையைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

இதை ஊன்றிக் கவனித்தவர்களில் முக்கியமானவர் 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். தொழுநோயாளியின் சதையே கெட்ட சதை, அது ஆறாது என்று அதுவரை மருத்துவர்களே நம்பியிருந்தார்கள். அழுத்தத்தை எடுத்துவிட்டால் அந்தச் சதையும் எல்லார் சதையும் ஆறுகிற மாதிரியே ஆறும் என்று வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் காட்டினார்கள். தமிழ்நாட்டில் அத்தனை காலத்துக்கு முன்பே தெளிவான விஷயம் நம் தோட்டத்து லயத்து (வரிசை) வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதுதான் என் ஆற்றாமை.

5 மார்ச்

பெரியம்மா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவர் தலைமுறை வேறு ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கும்.

சுங்கை பூலோ குடியிருப்பு 1930இல் திறந்தது. பிறகு டாப்சோன் மாத்திரை வந்தது. ரொம்ப நாள் அந்த ஒரு மருந்தைத்தான் தனியாகக் கொடுத்தார்கள். கிருமி அதற்குப் பழகிக்கொண்டது. டாப்சோனுக்கு அடங்காத தொழுநோய்க் கிருமி உண்டு என்று 1964இல் முதன்முதலாக நிரூபித்ததே சுங்கை பூலோ நோயாளிகளை வைத்துத்தான். அதனால் அந்தக் காலத்தில் குணமானவர் என்று வீட்டுக்கு வந்த சிலருக்கு நோய் திரும்பியிருக்கும். பெரியம்மாவின் பயம் அங்கிருந்து வந்திருக்கலாம். 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் என்று கூட்டு மருந்தாகக் கொடுக்கச் சொன்னது. இப்போது சிலருக்கு ஆறு மாதம், கிருமி அதிகம் இருப்பவர்களுக்கு ஓராண்டு. அதை ஒழுங்காக முடித்தவர்களுக்கு நோய் திரும்புவது அபூர்வம்.

தாத்தா எந்த மருந்தை எவ்வளவு காலம் சாப்பிட்டார் என்று பழைய அட்டை இருந்தால் தேடிப் பாருங்கள். உடம்பில் புதிதாகத் தேமல், தடிப்பு, கட்டி, நரம்பில் வலி, கையிலோ காலிலோ புதிதாகப் பலக்குறைவு, கண்ணை மூட முடியாமை, இதில் ஏதாவது இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பலக்குறைவு புதியது என்றால் நாள் கடத்தவே கூடாது. ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் நரம்பைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. உள்ளங்கால் புண் மட்டும் இருந்தால் அது நோய் திரும்பியதற்கு அடையாளம் ஆகாது.

5 மார்ச், பிற்பகல்

விரல் அழுகி உதிருமா என்று வேறொருவர் கேட்டிருந்தார். உதிராது. அடிபட்டு, சுட்டு, சீழ் எலும்புவரை போய், துண்டு துண்டாக எலும்பு கரைந்து விரல் குட்டையாகிறது. புண்ணைத் தடுத்தால் விரலும் தங்கும்.

அப்புறம் இன்னொன்று. சுங்கை பூலோவில் பூச்செடி வாங்கப் போகிறோமே, அந்த நாற்றங்கால்கள் அங்கே தங்கிவிட்ட நோயாளிகள் பிழைப்புக்காகத் தொடங்கியவை. அந்தச் செடிகளை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு தாத்தாவைப் பின்கட்டில் வைப்பது எப்படிச் சரியாகும்? பெரியம்மாவிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

8 மார்ச்

"தாத்தா ரெண்டு மாடு வைத்திருக்கிறார், எல்லாரும் வேலைக்குப் போய்விடுகிறோம், நடக்காதே என்று யார் சொல்வது?" என்ற உங்கள் பதிலைப் படித்தேன். அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன்.

"ஓய்வு கொடுங்கள்" என்று எழுதுவது சுலபம். மருத்துவமனையிலும் அதைத்தான் சொல்வார்கள். மாமாவுக்கும் எத்தனையோ முறை சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு வந்து மறுநாள் புல் அறுக்கப் போவார். பிடிவாதம் என்று வீட்டில் எல்லாரும் திட்டினோம். இப்போது நினைத்தால் அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. தோட்டத்தில் காலைப் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, பேர் கூப்பிட்ட நாளிலிருந்து உழைத்தே பழகிய மனுஷர். நோய் என்று ஒரு முறை எல்லாரையும் விட்டுப் பிரித்து வைத்தார்கள். வேலை செய்தால்தான் தன்னை வீட்டில் வைத்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் அவருக்குள் ஆழமாக இருந்தது. அவரைப் போய்ச் சும்மா படு என்றால் எப்படிப் படுப்பார்?

அதனால் மனிதரை அடக்குவதை விட்டு அவருடைய நடையை எண்ணத் தொடங்கினோம். காலையிலிருந்து இரவுவரை எதற்கெல்லாம் எழுந்து போகிறார் என்று பார்த்தோம். கழிப்பறை, பைப்படி, மாட்டுக் கொட்டகை, பேப்பர் வாங்கச் சீனன் கடை, கோயில், அப்புறம் காரணமே இல்லாமல் இரண்டு தடவை வாசல். தண்ணீர்த் தொட்டியைக் கொட்டகை பக்கம் மாற்றினோம். புல் கொண்டுவர அடுத்த லயத்துப் பையனைப் பேசிவிட்டோம், காசு கொடுத்துத்தான். பேப்பர் வீட்டுக்கே வந்தது. பால் கறப்பதை அவரிடமே விட்டுவிட்டோம். அது முக்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை, மாடும் அவர் கைக்குத்தான் பால் விடும். நடை பாதியாகக் குறைந்திருக்கும், மரியாதை குறையவில்லை.

உங்கள் தாத்தாவுக்கும் இப்படி உட்கார்ந்து செய்யும் வேலை எது என்று பாருங்கள். நடந்தே ஆகவேண்டிய இடத்துக்குச் சின்ன அடியாக, மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். எட்டி வைத்து நடந்தால் விரலடியில் அழுத்தம் கூடும். ஊன்றுகோல் கொடுப்பதாக இருந்தால் கைப்பிடியில் கெட்டியாகத் துணி சுற்றுங்கள். கையிலும் உணர்ச்சி இல்லை என்றால் காலைக் காப்பாற்றப் போய் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிடும்.

10 மார்ச்

தினசரிப் பராமரிப்பு கேட்டீர்கள். சொல்கிறேன்.

சாதாரண பைப்புத் தண்ணீரில் இருபது நிமிடம் போல இரண்டு காலையும் ஊற வையுங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம், வெதுவெதுப்பும் வேண்டாம். அவருக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாலும் சொல்ல மாட்டார். ஊறிய பிறகு புண்ணைச் சுற்றித் தடித்து வெள்ளையாக இருக்கிற தோலைக் கால் தேய்க்கும் கல்லால் மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தடித்த ஓரம் அப்படியே இருந்தால் அதுவே அழுத்தும், புண்ணும் உள்ளே இழுத்து மூட முடியாது. ரொம்பத் தடித்திருந்தால் கிளினிக்கில் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) காட்டி வெட்டச் சொல்லுங்கள். வீட்டில் பிளேடு எடுக்காதீர்கள். பிறகு ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். புண்ணுக்குள் தடவக் கூடாது, சுற்றியிருக்கிற தோலுக்கு மட்டும். உப்புநீர் மருந்தோ கொதித்து ஆறிய தண்ணீரோ ஊற்றிப் புண்ணைக் கழுவி, சுத்தமான காஸ் வைத்துக் கட்டுங்கள். அடியில் மொத்தமாகப் பஞ்சு வைத்தால் அதுவும் ஓர் அழுத்தம்.

புண் ஆழமாகிச் சீழ் வடியும் நாட்களில் ஊற வைப்பதைக் கிளினிக்கில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஸ்பிரிட், டெட்டால் எதையும் புண்ணுக்குள் ஊற்றாதீர்கள். அது கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கிற சதையையும் எரிக்கும். எங்கள் டிரஸ்ஸர் ஐயாவே ஆரம்பத்தில் ஊற்றியவர்தான், பிறகு நிறுத்திவிட்டார். மஞ்சள் அரைத்து அப்புவதையும் நிறுத்துங்கள். அம்மிக்கல்லில் இருப்பதெல்லாம் புண்ணுக்குள் போகும்.

10 மார்ச், இரவு

சொல்ல விட்டது. ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கி வாங்கிப் போடாதீர்கள். சீழ், காய்ச்சல், பரவுகிற வீக்கம் இருந்தால் டாக்டர் கொடுப்பார். சுத்தமாக இருக்கிற புண்ணுக்கு அது எதுவும் செய்யாது.

இன்னொன்று, நல்ல காலையும் தினமும் பாருங்கள். புறங்கையை உள்ளங்கால் முழுவதும் வைத்துப் பார்த்தால் ஓர் இடம் மட்டும் சூடாக இருப்பது தெரியும். அடுத்த புண் அங்கேதான் வரப்போகிறது. உடையும் முன்னே அந்தக் காலை ஓய்வாக வைத்தால் தடுத்துவிடலாம்.

13 மார்ச்

"கட்டுப் போட்டால் ஆறுமா, மாவுக்கட்டு என்று ஒருவர் சொன்னாரே?" ஆமாம், ஆறும். மாமாவுக்கு ஆறியதே அதில்தான்.

பாதத்தின் மேடு பள்ளத்தோடு அப்படியே ஒட்டிப் போகிற மாதிரி முழங்காலுக்குக் கீழ்வரை போடுகிற மாவுக்கட்டு அது. கை ஒடிந்தால் போடுகிற கட்டிலிருந்து வேறுபட்டது. பாரம் ஒரே எலும்பில் இறங்காமல் முழுப் பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் பிரிந்துவிடும். அதோடு சின்னச் சின்ன நடை நடக்கலாம். முதல் கட்டைச் சீக்கிரமே மாற்ற வேண்டும், ஏனென்றால் வீக்கம் வற்றியதும் கட்டு தளர்ந்து உள்ளே உராயும். எலும்புவரை போகாத புண் பெரும்பாலும் ஆறு வாரத்தை ஒட்டி மூடிவிடும். சீழ் பிடித்த காலுக்கும் ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கும் போடக் கூடாது. போடத் தெரிந்தவர்தான் போட வேண்டும். அரைகுறையாகப் போட்டால் கட்டே புதுப் புண் உண்டாக்கும், அவருக்கும் தெரியாது.

நாங்கள் முதலில் போன ஓர் இடத்தில் தொழுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறி, கடைசி ஆளாக உட்கார வைத்தார்கள். மாமா எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்றார். அடுத்த இடத்தில் இனிப்புநீர்க் கால்களுக்கு இதே கட்டைப் போடுகிற ஓர் இளம் டாக்டர் இருந்தார். அவர் மாமாவின் பாதத்தைக் கையுறை மாட்டி மடியில் தூக்கி வைத்துக்கொண்டுதான் பேசவே தொடங்கினார். அன்று மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் வரும்போது மட்டும், "பேர் என்னன்னு கேட்டியாம்மா அந்தப் புள்ளய?" என்றார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தொழுநோய்ப் புண்ணுக்கு எங்கே போவது என்று தேடித் திகைக்க வேண்டாம். 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். அதனால் கால் புண் பார்க்கிற இடங்கள் நிறைய உண்டு. உணர்ச்சியற்ற காலுக்கு அழுத்தத்தைக் குறைக்கிற வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

15 மார்ச்

செருப்பு. ஜப்பான் சிலிப்பரைத் தூக்கிப் போடுங்கள். விரலிடுக்கில் பிடித்து நடக்க வேண்டிய செருப்பு அது. மடங்கிய விரலால் பிடிக்க முடியாது, கழன்று விழுந்தாலும் தெரியாது. மாமா ஒருமுறை ஒற்றைக் கால் செருப்போடு கடைவீதியிலிருந்து வந்து நின்றார்.

உள்ளே மிருதுவாக, அடியில் கெட்டியாக, பின்பக்கம் வார் வைத்து, மேல்வாரைத் தளர்த்தி இறுக்கும்படி இருக்க வேண்டும். ஆணி அடித்த செருப்பு ஆகாது. தமிழ்நாட்டில் இதற்கென்றே நுண்துளை ரப்பர் வைத்துத் தைத்தார்கள், எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள். கெட்டி அடிப்பாகம் நமக்கு ரொம்ப முக்கியம். செம்பனை மட்டை முள் மெல்லிய செருப்பைத் துளைத்துவிடும். பூட்ஸ் போடுவதாக இருந்தால் போடும் முன் கையை விட்டுப் பார்த்துக் கவிழ்த்துத் தட்டவும். உள்ளே கிடக்கிற கல்லோடு ஒரு நாள் முழுக்க நடந்த காலை நான் கட்டியிருக்கிறேன்.

பார்வைக்கு மற்றவர் செருப்பு மாதிரியே இருக்கட்டும். ஊரே அடையாளம் கண்டுகொள்கிற செருப்பை யாரும் வெளியே போட மாட்டார்கள். அதைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு போவார்கள்.

தூக்கத்தில் எலி காலைக் கடிக்குமா என்று கேட்டவருக்கு: நிஜம்தான். உணர்ச்சியில்லாத விரலைத் தூக்கத்தில் எலி கடித்தால் தெரியாது. பிராண்டும் வேலூரில் இதைக் கண்டுபிடித்து நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார். மாமாவும் ஒரு பூனை வளர்த்தார். ராத்திரி டியூட்டி பார்ப்பதால் அதற்கு டிரஸ்ஸர் என்று பேர் வைத்தார். நிஜ டிரஸ்ஸர் ஐயா ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது, "டிரஸ்ஸர், இறங்குடா கீழே!" என்று மாமா அதட்ட, நாங்கள் அடக்க முடியாமல் சிரித்தோம். ஐயாவும்தான்.

17 மார்ச்

பங்குனி உத்திரம் வருகிறது. தாத்தா கோயிலுக்குப் போவார் என்று எழுதியிருக்கிறீர்கள். போகட்டும். தடுக்காதீர்கள். ஆனால் வெறுங்காலோடு உச்சிவெயிலில் கோயில் பிராகாரத்துச் சிமெண்டுத் தரையில் நின்றால் பாதம் முழுக்க வெந்துவிடும். மாமாவுக்கு ஆறிய புண் மறுபடி திறந்தது அப்படித்தான். நேர்த்திக்கடன் என்று வரிசையில் நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் கால் மாற்றி மாற்றிக் குதித்தார்கள், இவர் அசையாமல் நின்றார். என்ன பக்தி என்று சிலர் வியந்தார்களாம்.

விடியற்காலையில் கூட்டிப் போங்கள், அல்லது விளக்கு வைத்த பிறகு. கெட்டியான சுத்தமான காலுறை ஒரு ஜோடி கோயிலுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐயரிடம் விஷயத்தைச் சொன்னால் மறுக்க மாட்டார். எங்கள் கோயிலில் தலைவரே நாற்காலி எடுத்துப் போட்டார்.

மோட்டார் சைக்கிள் புகைக்குழாய், விறகடுப்பு, வெயிலில் நின்ற காரின் தரை, இவற்றையும் கவனியுங்கள்.

18 மார்ச்

"புண்ணின் ஓரத்தில் சதை பூப்பூவாக வளர்கிறது, ரத்தம் கசிகிறது" என்று நேற்று இரவு நீங்கள் போட்ட குறிப்பை இப்போதுதான் பார்த்தேன். தம்பி, இதைத் தள்ளிப் போடாதீர்கள். பல வருடம் ஆறாத புண்ணில் சிலருக்குப் புற்றுநோய் வளரும். காலிஃபிளவர் மாதிரிச் சதை புடைத்து, லேசாகத் தொட்டாலே ரத்தம் வருவது அதன் ஓர் அடையாளம். எல்லாப் பூச்சதையும் புற்று இல்லை, பயந்து தாத்தாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். ஓரத்தில் துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். இந்த வாரத்திலேயே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

கால் சூடாகி வீங்குவது, துர்நாற்றம், காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டுவது, புண்ணுக்குள் எலும்பு தட்டுப்படுவது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புண்ணே இல்லாமல் பாதம் சிவந்து சூடாக வீங்கினாலும்தான். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம், அவர் வலியில்லை என்று நடந்துகொண்டிருப்பார்.

20 மார்ச்

வெள்ளிக்கிழமைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்தது என்று படித்து நிம்மதி. பெரியம்மாவே கூட வருகிறேன் என்றாராமே, அதற்கு இரட்டிப்பு நிம்மதி.

புவாசா (நோன்பு) மாதம், காலையிலேயே போய்விடுங்கள். டாக்டரிடம் சதைச் சோதனை பற்றியும் பாதத்துக்கு எக்ஸ்ரே பற்றியும் கேளுங்கள். சோதனை நல்லபடியாக வந்தால் மாவுக்கட்டு போடலாமா, காலணி அளவெடுக்க எந்தப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள் என்றும் கேளுங்கள். விரல்களும் நடையும் பாதிக்கப்பட்டிருப்பதால் ஓகேயு அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அட்டை) விண்ணப்பிக்கலாம். படிவத்தை டாக்டர்தான் நிரப்ப வேண்டும், அதையும் அன்றே எடுத்துப் போனால் இன்னொரு நடை மிச்சம். சமூகநலத் துறை உதவிக்கும் அதோடு கேட்டுப் பாருங்கள்.

தாத்தா இப்போது போடுகிற பழைய செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே எங்கே பாரம் இறங்குகிறது என்று காலணி செய்கிறவருக்குப் புரிந்துவிடும். முடிவு தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். கட்டுப் போட்டால் முதல் வாரம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதுகிறேன்.